நின்றவர்களுக்குத் தெரியும்

பழைய கால்பந்து ரசிகர் ஒருவர் வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு புன்னகை வந்துவிடும். அந்தக் காலத்தில் நின்றுகொண்டுதான் பார்ப்போம், அப்பா ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏற்றிவிடுவார், கோல் விழுந்தால் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போயிருப்போம் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். கேட்பவர் தலையாட்டுவார். தாத்தா பழைய சோற்றின் ருசியைப் பற்றிப் பேசும்போது பேரன் ஆட்டுவானே, அதே தலையாட்டல்.

அந்தப் புன்னகைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பிரிட்டனின் கால்பந்தைப் பற்றி உலகம் நம்பும் கதை. சனிக்கிழமை இரவு பிரீமியர் லீக் பார்க்க உட்காரும் நம்மூர் ரசிகரும் அதையே நம்புகிறார். 1980கள் வரை அந்த மைதானங்கள் ரவுடிகளின் கூடாரம். குடித்துவிட்டு வந்த கூட்டம் தன்னைத்தானே நசுக்கிக்கொண்டு செத்தது. பிறகு இருக்கை வந்தது, விலை ஏறியது, குடும்பங்கள் வந்தன, ஆட்டம் பிழைத்தது. பழைய படிக்கட்டுகளை நினைத்து இன்னமும் உருகுகிறவர்கள் பாவம், வயதானவர்கள். கதை இவ்வளவுதான்.

இதற்குள் மூன்று வாதங்கள் ஒளிந்திருக்கின்றன. கூட்டத்தைக் கொன்றது கூட்டமே என்பது முதலாவது. ஏறிய விலை பாதுகாப்புக்குக் கொடுத்த விலை என்பது இரண்டாவது. ரசிகரின் நினைவு வெறும் ஏக்கம், அது சாட்சியாகாது என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. அதிலும் மூன்றாவதுதான் முட்டுக்கட்டை. அதை உருவிவிட்டால் மற்ற இரண்டும் தாமாகச் சரிந்துவிடும்.

*

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது விளங்க வேண்டும். லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்தில், ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் எழும்பி நிற்கும் பகுதியைக் 'காப்' என்பார்கள். முழுப் பெயர் ஸ்பியன் காப். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1900 ஜனவரியில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் சண்டை நடந்த குன்றின் பெயர் அது. லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்த பலர் அங்கே மாண்டார்கள். 1906-இல் லிவர்பூல் பத்திரிகை ஒன்றின் விளையாட்டு ஆசிரியர் புதிய படிக்கட்டு மேட்டுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். இந்தக் குன்று நமக்கும் அந்நியமில்லை. அதிலிருந்து காயம்பட்டவர்களைச் சுமந்து இறங்கியவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையும் இருந்தது. அந்தப் படையில் பெரும்பாலோர் நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்கள் நிறைந்திருந்த கூட்டம் அது.

காப்பில் ஒரு காலத்தில் 28,000 பேர் வரை நின்றார்கள். இருக்கை கிடையாது. சிமெண்டுப் படிகள், இடுப்பளவு உயரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இரும்புத் தடுப்புகள், அவ்வளவுதான். இப்படி நின்று பார்க்கும் படிவரிசைக்கு அங்கே 'டெரஸ்' என்று பெயர். 1994 ஏப்ரல் 30 அன்று காப் கடைசியாக நின்றது. நார்விச் அணியிடம் லிவர்பூல் 0-1 என்று தோற்றது. நின்ற காப்புக்கு வழியனுப்புக் கோல்கூடப் போடவில்லை. இன்று அதே இடத்தில் 12,000-க்குச் சற்று அதிகமான இருக்கைகள்.

இப்போது முதல் வாதத்துக்கு வருவோம்.

கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1971 ஜனவரி 2 அன்று, ரேஞ்சர்ஸ்–செல்டிக் ஆட்டம் முடிந்து வெளியே இறங்கும் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தார்கள். இதற்கு ஒரு கதை உண்டு. கடைசி நிமிடத்தில் செல்டிக் கோல் போட்டதும் மனமுடைந்த ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் இறங்கத் தொடங்கினார்கள்; உடனே ரேஞ்சர்ஸ் கோல் போட, ஆரவாரம் கேட்டு அவர்கள் திரும்பி மேலே ஓடினார்கள்; இறங்குபவர்களோடு மோதி எல்லோரும் விழுந்தார்கள். ரசிகனை அவனுடைய உணர்ச்சியே கொன்றது என்று முடிகிற கதை. நாடகத்துக்கு ஏற்றது. ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. விசாரணையில் தெரிந்தது இதுதான்: ஆட்டம் முடிந்த பிறகே விபத்து நடந்தது, எல்லோரும் ஒரே திசையில், வீட்டை நோக்கித்தான், இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கொன்றது எது? பதின்மூன்றாம் எண் படிக்கட்டு. செங்குத்தாக இறங்குவது, இருபுறமும் பலமான வேலி, ஒருவர் தடுக்கினால் பின்னால் வருபவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. அதே படிக்கட்டில் 1961-இல் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். 1967-இல் காயம், 1969-இல் மறுபடியும் காயம். மூன்று முறை எச்சரித்த படிக்கட்டு நான்காம் முறை 66 பேரை வாங்கிக்கொண்டது. 1974-இல் நீதிமன்றம் பழியைக் கிளப்பின் மேல் வைத்தது. அந்தப் படிக்கட்டில் இறங்கிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் முன்பே தெரியும். தரையில் கால் பாவாமலே கீழே போய்ச் சேர்ந்ததை அவர்கள் ஒரு வேடிக்கைபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் குறித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இன்னும் பின்னால் போகலாம். 1946 மார்ச் 9, போல்டன் நகரின் பர்ண்டன் பார்க். போர் முடிந்து கால்பந்துக்கு ஏங்கிக் கிடந்த சனம். எதிரணியான ஸ்டோக்கில் ஸ்டான்லி மேத்யூஸ் ஆடுகிறார். எண்பதாயிரத்துக்கும் மேல் திரண்டார்கள். ஆனால் மைதானத்தின் ஒரு பக்க ஸ்டாண்டை அரசாங்கம் போர்க்காலத்தில் கிடங்காக எடுத்துக்கொண்டது, இன்னும் திருப்பித் தரவில்லை. அந்தப் பக்கத்து நுழைவாயில்கள் மூடிக் கிடந்தன. இருந்த வாயில்களில் மொத்தக் கூட்டமும் முட்டியது. 33 பேர் இறந்தார்கள். உடல்களைக் கோட்டோரம் கிடத்தி, மரத்தூளால் புதிய எல்லைக்கோடு போட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இதில் ரவுடி யார்?

1985 மே 11, பிராட்ஃபோர்டின் வேலி பரேடு. மூன்றாம் டிவிஷன் கோப்பையைக் கொண்டாட வந்த கூட்டம். எழுபது வயதைக் கடந்த மர ஸ்டாண்ட். பலகைகளின் இடுக்கு வழியே பல ஆண்டுகளாக விழுந்த காகிதமும் குப்பையும் அடியில் மண்டிக் கிடந்தன. குப்பையில் தீப்பிடிக்கலாம் என்று உள்ளாட்சி அதிகாரிகள் முந்தைய ஆண்டே கடிதம் எழுதியிருந்தார்கள். சில நிமிடங்களில் ஸ்டாண்ட் முழுவதும் எரிந்தது. பின்பக்கக் கதவுகள் பூட்டியிருந்தன. 56 பேர் இறந்தார்கள். முன்பக்கம் கம்பி வேலி இல்லாததால் மற்றவர்கள் மைதானத்துக்குள் குதித்துத் தப்பினார்கள்.

இந்தத் தீயை விசாரிக்க அரசு நீதிபதி பாப்பிள்வெல்லை அமர்த்தியது. அதே நாளில் பர்மிங்காமில் ரசிகர்கள் கலவரம் செய்து, சுவர் இடிந்து ஒரு சிறுவன் இறந்தான். அந்தக் கலவரத்தையும் அதே விசாரணைக்குள் சேர்த்தார்கள். அடியில் குப்பை சேர்ந்த மர ஸ்டாண்டும் ரவுடிக் கும்பலும் ஒரே கோப்பில்! மேலே நான் 'முதல் வாதம்' என்று சொன்னது அந்தக் கோப்பில்தான் அரசு முத்திரை பெற்றது. கூட்டம் என்றாலே குற்றம். அது எரிந்தாலும் சரி, எரித்தாலும் சரி.

*

குற்றவாளிக்கு ஏற்றது கூண்டுதானே? 1970களிலிருந்தே ரசிகர்களுக்கும் ஆடுகளத்துக்கும் நடுவில் கம்பி வேலிகள் முளைத்தன. 1985-இல் செல்சி கிளப்பின் தலைவர் கென் பேட்ஸ் ஒருபடி மேலே போய் மின்வேலி போட்டார். லண்டன் மாநகர நிர்வாகம் குறுக்கே நின்றதால் அதில் மின்சாரம் பாயவில்லை. வேலி போட்டவர்களின் கண்ணில் ஆபத்து ஒரு திசையில்தான் வரும்: ரசிகனிடமிருந்து ஆடுகளத்துக்கு. ரசிகனே ஆபத்தில் சிக்கி அந்தப் பக்கம் ஓட வேண்டி வரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னால்தான் பிராட்ஃபோர்டில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலி இல்லாததால் பிழைத்தார்கள் என்பது யாருக்கும் உறைக்காமலே 1989 வந்தது.

ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும். லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்க டிக்கெட் வாங்கியிருந்த லிவர்பூல் ரசிகர்கள் 10,100 பேர். அத்தனை பேரும் நுழைய ஏழே ஏழு சுழல்கதவுகள். ஆட்டத்துக்குப் பொறுப்பேற்ற போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்டு அந்தப் பதவிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வெளியே நெரிசல் முற்றியபோது, 2.52 மணிக்கு, பெரிய வெளிவாயிலைத் திறக்க உத்தரவு கொடுத்தார். திறந்ததும் நேர் எதிரே ஒரு சுரங்கவழி. அது நடுவில் இருந்த இரண்டு கம்பிக் கூண்டுகளுக்குப் போகும். அவை ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கூண்டுகளில் இடம் கிடந்தது. சுரங்கவழியை மறித்துக் கூட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிட ஒரு ஆளைக்கூட நிறுத்தவில்லை. 3.06-க்கு ஆட்டம் நின்றது. அன்றும் பின்னரும் சேர்த்து 97 பேர் இறந்தார்கள். இளையவருக்கு வயது 10, மூத்தவருக்கு 67.

வாயிலை ரசிகர்களே தள்ளித் திறந்தார்கள் என்று டக்கன்ஃபீல்டு கால்பந்துச் சங்க அதிகாரியிடம் சொன்னார். நெரிசலில் சிக்கியவர்களின் மூச்சு அடங்குவதற்குள் அந்தப் பொய் மைதானத்தைத் தாண்டிவிட்டது. நான்கு நாள் கழித்து 'தி சன்' பத்திரிகை, செத்தவர்களின் பையில் ரசிகர்கள் கைவிட்டார்கள் என்றும், உதவ வந்த போலீஸ்காரர்கள் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்றும் முதல் பக்கத்தில் 'உண்மை' என்று தலைப்பிட்டு அச்சிட்டது. லிவர்பூலில் இன்றும் பலர் அந்தப் பத்திரிகையைக் கையால் தொடுவதில்லை.

அங்கே இருந்தவர்களோ வேறு சொன்னார்கள். வாயிலைத் திறந்தது போலீஸ். வேலிக்கு மேலே ஏறியவர்களைத் திரும்ப உள்ளே தள்ளியது போலீஸ். விளம்பரப் பலகைகளைப் பிடுங்கி, அவற்றையே ஸ்ட்ரெச்சராக்கி, அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது ரசிகர்கள். ஸ்பியன் காப் குன்றில் சுமந்தவர்களில் சிலருக்குப் பதக்கமாவது கிடைத்தது. அந்தக் குன்றின் பெயர் கொண்ட படிக்கட்டின் பிள்ளைகள் சுமந்தபோது திருட்டுப் பட்டம்தான் கிடைத்தது.

இங்கேதான் மூன்றாவது வாதத்தை உரசிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அரசுப் பதிவேடு: தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் உள்ளது. இன்னொரு பக்கம் ரசிகரின் நினைவு: கோபம் கொண்டது, அழுவது, நேரத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாதது. எதை நம்புவீர்கள்? பிரிட்டன் பதிவேட்டை நம்பியது. நீதிபதி டெய்லர் அதே ஆண்டு ஆகஸ்டில், முக்கியக் காரணம் போலீஸ் கட்டுப்பாட்டின் தோல்வி என்று தெளிவாக எழுதியும், 1991-இல் மரண விசாரணை மன்றம் 'விபத்து' என்று முடித்தது. 2012-இல் சுயாதீனக் குழு ஒன்று ஆவணங்களைத் திறந்தபோதுதான் தெரிந்தது: 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன; அவற்றில் 116-இல் போலீசுக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டிருந்தன. புதிய விசாரணையில் டக்கன்ஃபீல்டு தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். 2016 ஏப்ரல் 26 அன்று நடுவர் குழு, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்களின் நடத்தைக்கு அதில் பங்கில்லை என்றும் தீர்ப்பளித்தது. பிறகு 2019-இல் டக்கன்ஃபீல்டு மீதான குற்ற வழக்கில் அவர் விடுதலையானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொல்லப்பட்டார்கள் என்பது சட்டப்படி உறுதி; கொலைக்குப் பொறுப்பென்று சிறைக்குப் போனவர் எவருமில்லை.

இருபத்தேழு ஆண்டுகள். அத்தனை ஆண்டும் பதிவேடு பொய் சொன்னது. நினைவு உண்மை சொன்னது. இதற்குப் பிறகும் பழைய ரசிகரின் பேச்சைக் கேட்டுப் புன்னகைக்க எப்படி மனம் வருகிறது?

*

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். நினைவு எல்லாவற்றையுமா சொல்கிறது? தனக்குச் சாதகமானதைத்தானே சொல்கிறது? 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எதிர்த்தரப்பை நோக்கிப் பாய்ந்தார்கள். ஒதுங்கியவர்கள் சுவரோடு நசுங்கி 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியர்கள், ஜுவென்டஸ் ரசிகர்கள். 14 லிவர்பூல் ரசிகர்கள் மேல் குற்றம் நிரூபிக்கப்பட்டது. ஆங்கில அணிகள் ஐந்து ஆண்டுகள் ஐரோப்பாவில் ஆட முடியாமல் போயின. 1988-இல் எவர்ட்டன் அணியின் குடிசன் பார்க் மைதானத்தில், லிவர்பூலின் கறுப்பின ஆட்டக்காரர் ஜான் பார்ன்ஸின் காலடியில் வாழைப்பழம் விழுந்தது. அவர் அதைக் குதிகாலால் தட்டிவிட்ட புகைப்படம் இன்றும் இருக்கிறது. கறுப்பர் என்பதால் சொந்த அணியின் ஆட்டக்காரரையே செல்சி ரசிகர்கள் ஏசியதும் அந்தப் படிக்கட்டுகளில்தான். காப்பில் சுருட்டிய செய்தித்தாளுக்குள் சிறுநீர் கழித்ததைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள், அந்த இடத்துக்குப் பெண்கள் ஏன் அதிகம் வரவில்லை என்று கேட்பதில்லை.

எல்லாம் உண்மை. நான் படிக்கட்டுக்குக் கோயில் கட்ட வரவில்லை. 'அந்த ஆபத்தில்தான் ருசியே இருந்தது' என்று பேசும் ஏக்கக்காரரை, புன்னகைப்பவரைவிட அதிகமாகக் கண்டிப்பேன். ஏனென்றால் இருவரும் ஒரே கட்சி. கூட்டம் மிருகம், அதனால் அடைத்து வை என்கிறார் ஒருவர். கூட்டம் மிருகம், அதனால் எவ்வளவு அழகு என்கிறார் மற்றவர். வேலியைப் பற்றியோ பூட்டிய கதவைப் பற்றியோ இருவருமே பேசுவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேலே நான் அடுக்கிய குற்றங்களெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பாதி, நின்றவர்கள் சொல்லித்தான். வாழைப்பழம் விழுந்தபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று சொல்லக்கூடியவர் அங்கே நின்ற ரசிகர்தான். எந்தப் பதிவேடும் அப்படிச் சொல்லாது. சாட்சி என்றால் தனக்கு எதிராகவும் பேச வேண்டும். அப்படிப் பேசும்படி அவரை நாம் கேட்டோமா? ஏக்கத்தை மட்டும் கேட்டு, ஏக்கம் மட்டுமே இருக்கிறது என்று முடிவுகட்டினோம். ஹெய்சலிலும் முழுச் சாட்சியம் இரண்டு பக்கமும் வெட்டும்: பாய்ந்தவர்கள் குற்றவாளிகள்; இடிந்து விழும் நிலையிலிருந்த மைதானத்தில் இறுதிப்போட்டியை வைத்தவர்களும், எதிரெதிர் ரசிகர்களுக்கு நடுவே பலவீனமான தடுப்பை மட்டும் நம்பியவர்களும் குற்றவாளிகள். பெல்ஜிய அதிகாரிகளும் அந்த வழக்கில் தண்டனை பெற்றார்கள்.

*

இரண்டாவது வாதம் கணக்கு சம்பந்தப்பட்டது. கணக்கிலேயே பதில் சொல்லலாம்.

இருக்கை வந்ததால்தான் கூட்டம் திரும்பியது என்கிறார்கள். இங்கிலாந்து லீக் ஆட்டங்களை 1948–49 பருவத்தில் 4.1 கோடிப் பேர் பார்த்தார்கள். 1985–86-இல் அது 1.65 கோடியாகச் சுருங்கியது. இதுவரை சரி. ஆனால் அதற்கு அடுத்த பருவத்திலிருந்தே எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிட்டது, 1988–89-இல் 1.84 கோடி. அப்போது படிக்கட்டுகள் அப்படியேதான் இருந்தன. டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில்தான் வெளிவந்தது.

அந்த அறிக்கையைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் அதைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மைதான நெரிசலையும் கட்டுப்பாட்டையும் பற்றித் தன்னுடையது ஒன்பதாவது அரசு அறிக்கை என்று டெய்லர் வருத்தத்தோடு எழுதினார். எட்டு அறிக்கைகள் அலமாரியில் தூங்கின என்பது அதன் பொருள். எல்லா ரசிகருக்கும் அடையாள அட்டை என்ற தாட்சர் அரசின் திட்டத்தை அவர் ஏற்கவில்லை. இருக்கைகளைப் பரிந்துரைத்தார், கூடவே, அதைச் சாக்கிட்டு விலையை ஏற்றத் தேவையில்லை என்று ஐப்ராக்ஸை உதாரணம் காட்டினார்: அங்கே உட்கார 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு. இருக்கையைப் பிடித்துக்கொண்ட கிளப்புகள் இந்த ஆறு பவுண்டை மட்டும் வசதியாக மறந்துபோயின. 2016-இல் ஆன்ஃபீல்டின் புதிய ஸ்டாண்டில் ஒரு டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்தார்கள். 71 பவுண்டு வித்தியாசத்துக்கும் ஹில்ஸ்பரோவில் இறந்தவர்களுக்கும் முடிச்சுப் போடுவது அந்த 97 பேருக்கும் செய்யும் அவமரியாதை.

நின்றால் சாவு என்பதும் நிற்காத வாதம். கட்டாய இருக்கை விதி இங்கிலாந்தின் மேல் இரண்டு டிவிஷன்களுக்குத்தான். கீழ் டிவிஷன்களில் நின்று பார்ப்பதை அரசு 1992-இல் அனுமதித்தது, மக்கள் இன்றும் நிற்கிறார்கள். ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஒரே ஸ்டாண்டில் ஏறக்குறைய 25,000 பேர் நிற்கிறார்கள். 2022-இல் இங்கிலாந்தே பாதுகாப்புக் கம்பி பொருத்திய நிற்கும் பகுதிகளைப் பிரீமியர் லீக்குக்குள் மறுபடி அனுமதித்தது. உயிரைக் காத்தது வேலியை அகற்றியதும், ஒவ்வொரு பகுதிக்கும் ஆள் எண்ணிக்கை வகுத்ததும், சான்றிதழைக் காகிதமாக விடாமல் சோதித்ததும்தான். இவற்றில் எதற்கும் ரசிகனின் சட்டைப்பையில் கைவிடத் தேவையில்லை.

*

கூட்டத்துக்கு அறிவில்லை என்ற நம்பிக்கைக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

பகைமையைப் பற்றிப் பேசாமல் கால்பந்து நினைவு ஏது? லிவர்பூல்–எவர்ட்டன் பகை எங்கே பிறந்தது தெரியுமா? மதத்திலோ சாதியிலோ அல்ல, வாடகைத் தகராறில். ஆன்ஃபீல்டு முதலில் எவர்ட்டனின் மைதானம். ஜான் ஹோல்டிங் என்ற மது ஆலை முதலாளியோடு வாடகைப் பேச்சு முறிந்து 1892-இல் எவர்ட்டன் வெளியேறி, ஸ்டான்லி பார்க் பூங்காவின் மறுபக்கம் குடிசன் பார்க்கில் குடியேறியது. ஆடுகளம் காலியாகிவிட்டதே என்று ஹோல்டிங் புதிதாகத் தொடங்கிய கிளப்தான் லிவர்பூல். பங்காளிச் சண்டை என்றால் நமக்கு விளக்க வேண்டுமா? ஒரே வீட்டில் அண்ணன் நீலம், தம்பி சிவப்பு.

ஹில்ஸ்பரோ நடந்து ஒரு வாரத்தில், அந்த இரு மைதானங்களுக்கும் இடையே பூங்காவின் குறுக்காக ஒரு மைல் தூரத்துக்கு ரசிகர்கள் கழுத்துத்துணிகளை முடிச்சுப் போட்டு இணைத்தார்கள். நீலம், சிவப்பு, நீலம், சிவப்பு. எந்த அமைச்சரும் உத்தரவு போடவில்லை.

77 பவுண்டு டிக்கெட்டுக்கு என்ன ஆனது? 2016 பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்து அணியோடு ஆட்டம். 77-ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அதுவரை லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது; ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாட்களில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையைக் கைவிட்டார்கள். 2021 ஏப்ரலில் பணக்காரக் கிளப்புகள் தங்களுக்கென்று மூடிய 'சூப்பர் லீக்' ஒன்றை அறிவித்தபோது, ஒருவரையொருவர் ஜென்ம விரோதிகளாகப் பாடிவந்த ரசிகர்கள் ஒரே குரலில் எதிர்த்தார்கள். ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் இரண்டு நாளில் பின்வாங்கின. அறிவில்லாத மந்தை இப்படியெல்லாம் செய்யுமா?

மிடில்ஸ்பரோ நகரில் அயர்சம் பார்க் மைதானம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். அங்கே புல்தரையில், பூட்ஸ் ஆணிகளின் தடத்தை வெண்கலத்தில் வார்த்துப் பதித்திருக்கிறார்கள். 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவின் பாக் டூ-இக் இத்தாலிக்கு எதிராகக் கோல் அடித்த இடம் அது. யாரென்றே தெரியாத அந்தக் கொரியர்களை மிடில்ஸ்பரோ மக்கள் தங்கள் அணியாகவே தத்தெடுத்து ஆரவாரம் செய்தார்கள். மைதானம் போன பின்பும் ஓர் அந்நியனின் காலடித்தடத்தை வைத்துக் காக்கும் நினைவை வெறும் ஏக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

இதெல்லாம் சீமைச் சங்கதி, நமக்கென்ன என்று கேட்கலாம். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில், கிரிக்கெட் வெற்றி விழாவுக்கு வந்த 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். நெரிசல் எங்கே நடந்தாலும் நம் செய்திகளில் தயாராக ஒரு தொடர் உண்டு: 'கட்டுக்கடங்காத கூட்டம்'. அதைப் படிக்கும்போது ஐப்ராக்ஸில் மேலே திரும்பி ஓடியதாகச் சொல்லப்பட்ட, உண்மையில் ஓடவே ஓடாத அந்த ரசிகர்கள் என் நினைவுக்கு வருகிறார்கள். அந்தத் தொடரை எழுதும் முன் எத்தனை வாசல் இருந்தது, எத்தனை திறந்திருந்தது, எத்தனை பேருக்கு இடம் என்று கேட்பது பழக்கமாக வேண்டும்.

இன்னொரு பழக்கமும் வேண்டும்: நின்றவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது. ஹில்ஸ்பரோவில் 1989-தான் முதல்முறை என்று நினைத்துவிடாதீர்கள். 1981-இல் டாட்டன்ஹாமும் வுல்வ்ஸும் ஆடிய அரையிறுதி. அதே மைதானம், அதே லெப்பிங்ஸ் லேன் படிக்கட்டு, அதே நெரிசல். 38 பேர் காயம்பட்டார்கள். ரசிகர்களை வெளியே எடுத்துக் கோட்டோரம் உட்காரவைத்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அதன்பின் செய்த காரியம், கூடுதல் வேலி போட்டுப் படிக்கட்டைக் கூண்டுகளாகப் பிரித்தது. பாதுகாப்புச் சான்றிதழ் மட்டும் 1979-இல் கொடுத்ததுதான்; திருத்தவில்லை.

அன்று விலா நோக வீடு திரும்பிய டாட்டன்ஹாம் ரசிகர்கள் அதைப் பற்றிப் பேசாமலா இருந்திருப்பார்கள்? வீட்டிலும் மதுக்கடையிலும் எட்டு ஆண்டுகள் பேசியிருப்பார்கள்: மூச்சே விட முடியவில்லை, கால் தரையில் இல்லை, வேலிதான் குறுக்கே நின்றது. கேட்டவர்கள் தலையாட்டிப் புன்னகைத்திருப்பார்கள்.